நாலு வரப்பை அளந்தால் வயலை அளந்ததாகுமா?



நாற்கரம் என்ற பாடம் நமக்குப் புதுசு இல்லை. சதுரம், செவ்வகம், இணைகரம், சாய்சதுரம், சரிவகம் என்று பெயரை மனப்பாடம் செய்வோம். சூத்திரத்தை எழுதி மார்க் வாங்குவோம். பிறகு மறந்துவிடுவோம். நானும் அப்படித்தான் இருந்தேன். இந்த வருசம் கார் அறுப்பு முடிந்த பிறகுதான் அந்தப் பாடம் எங்கள் வீட்டு நெல்லோடு சம்பந்தப்பட்டது என்று தெரிந்துகொண்டேன். எப்படி என்று சொல்கிறேன், கேளுங்கள்.

எங்கள் வயல் கணக்கு

கன்னடியன் கால் பாசனத்தில் எங்கள் அப்பா ஒரு வயலைப் பாட்டத்துக்கு எடுத்துப் பயிர் செய்கிறார்கள். சென்ட்டுக்கு ஆறு கிலோ நெல் வீதம் ஒவ்வொரு பூவுக்கும் நிலத்துக்காரருக்கு அளக்க வேண்டும். வயல் 45 சென்ட் என்பது பேச்சு. அப்படியானால் ஒரு பூவுக்கு 270 கிலோ. கார், பிசானம் இரண்டுக்கும் சேர்த்து 540 கிலோ.

அந்த 45 எப்படி வந்தது என்று ஒருநாள் தாத்தாவிடம் கேட்டேன்.

"நாலு வரப்பையும் கயிறு போட்டு அளந்தோம். எதிரெதிர் வரப்பைக் கூட்டிப் பாதியாக்கணும். ரெண்டு பாதியையும் பெருக்கினா சதுர அடி வந்திரும். எங்க அய்யா காலத்துலேருந்து இப்படித்தாம்ளா" என்றார்கள்.

வடவரப்பு 120 அடி, தென்வரப்பு 160 அடி. கூட்டிப் பாதி 140. கிழக்கே இருக்கிற கீழவரப்பு 130 அடி, மேற்கே இருக்கிற மேலவரப்பு 150 அடி. அதுவும் கூட்டிப் பாதி 140. 140-ஐ 140-ஆல் பெருக்கினால் 19,600 சதுர அடி. ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. வகுத்தால் சரியாக 45 சென்ட். கணக்கில் தப்பே இல்லை மாதிரிதான் இருக்கு!

ஆனால் அந்த வயலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது கட்டம் போட்ட மாதிரி இருக்காது. ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். அதைப் படமாக வரைந்து பார்க்கலாம் என்று, 20 அடிக்கு 1 செ.மீ. என்று வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தென்வரப்பு 8 செ.மீ. போட்டாச்சு. அதன் முனையில் மேலவரப்பு 7.5 செ.மீ. போட வேண்டும். எந்தக் கோணத்தில் போடுவது? நிமிர்த்தியும் போடலாம், சாய்த்தும் போடலாம். எப்படிப் போட்டாலும் மற்ற இரண்டு பக்கமும் வந்து சேர்ந்துவிடுகிறது. ஒரே அளவுக்கு நாலைந்து வயல் வரைந்துவிட்டேன். ஒன்றும் ஒன்று மாதிரி இல்லை!

மறுநாள் நோட்டைக் கணக்கு டீச்சரிடம் காட்டினேன். டீச்சர் பார்த்துவிட்டு, "எட்டாம் வகுப்புல நாற்கரம் வரைய எத்தனை அளவு வேணும்னு படிச்சே?" என்று கேட்டார்கள்.

"அஞ்சு டீச்சர்."

"நாலு அளவை வச்சு ஒரு நாற்கரத்தை வரையவே முடியாதுன்னா, அதே நாலு அளவை வச்சு அதோட பரப்பை மட்டும் எப்படிச் சொல்ல முடியும்?"

எனக்குத் திக்கென்று இருந்தது. நண்பர்களே, இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்ததே இந்த ஒரு கேள்விதான்.

ஈர்க்குச்சி சோதனை

நீங்களும் இதைச் செய்து பார்க்கலாம். ஒரே நீளமுள்ள நாலு ஈர்க்குச்சி எடுங்கள். சைக்கிள் வால்வு டியூபைச் சிறு துண்டுகளாக வெட்டி, மூலைகளில் செருகி இணையுங்கள். சதுரம் கிடைக்கும். இப்போது ஒரு மூலையை மெதுவாகத் தள்ளுங்கள். சதுரம் சாய்ந்து சாய்சதுரம் ஆகும். இன்னும் தள்ளினால் ஒல்லியாகும். கடைசியில் குச்சிகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும். உள்ளே இடமே இருக்காது.

குச்சியின் நீளம் மாறியதா? இல்லை. சுற்றளவு மாறியதா? இல்லை. ஆனால் பரப்பு மட்டும் முழுசாக இருந்து ஒன்றுமே இல்லாமல் போய்விட்டது. கடைகளில் இருக்கிற மடக்குக் கம்பிக் கதவும் இப்படித்தான் வேலை செய்கிறது. அதில் இருப்பவை எல்லாம் சாய்சதுரங்கள். இழுத்தால் விரியும், தள்ளினால் ஒடுங்கும்.

இப்போது ஐந்தாவது குச்சி ஒன்றை எதிர் மூலைகளுக்குக் குறுக்கே செருகுங்கள். அதுதான் மூலைவிட்டம். அவ்வளவுதான், சட்டம் அசையாது! ஏனென்றால் நாற்கரம் இரண்டு முக்கோணமாகிவிட்டது. முக்கோணத்தின் மூன்று பக்கமும் தெரிந்தால் அதற்கு ஒரே உருவம்தான். தோட்டத்துப் படல் சாயாமல் இருக்கக் குறுக்கே ஒரு கம்பு வைத்துக் கட்டுகிறார்களே, அதன் காரணமும் இதுதான்.

நாற்கரக் குடும்பம்

நாற்கரங்களை ஒரு குடும்பமாக நினைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

நாலு பக்கம் இருந்தால் போதும், அது நாற்கரம். அதில் ஒரு ஜோடி எதிர்ப்பக்கம் மட்டும் இணையாக இருந்தால் சரிவகம். பெயரிலேயே 'சரிவு' இருக்கிறது பாருங்கள். வாய்க்காலைக் குறுக்கே வெட்டின மாதிரி நினைத்துப் பாருங்கள். அடி சிறுசாக இருக்கும், மேல்வாய் அகலமாக இருக்கும், இரண்டு கரையும் சரிவாக இருக்கும். அது சரிவகம். மண்கரையைச் செங்குத்தாக வெட்டினால் சரிந்து விழுந்துவிடும். அதனால்தான் சரித்து வெட்டுகிறார்கள்.

இரண்டு ஜோடியும் இணையாக இருந்தால் இணைகரம். இதில் எதிர்ப்பக்கங்கள் சமம், எதிர்க்கோணங்கள் சமம், மூலைவிட்டங்கள் ஒன்றையொன்று இருசமமாக வெட்டும். இணைகரத்தின் நாலு பக்கமும் சமமானால் சாய்சதுரம். அதன் மூலைவிட்டங்கள் செங்குத்தாக வெட்டிக்கொள்ளும். இணைகரத்தின் கோணங்கள் 90 பாகையானால் செவ்வகம். அதன் மூலைவிட்டங்கள் சம நீளம். இரண்டு குணமும் சேர்ந்தால் சதுரம். அதனால் சதுரம் எல்லாமே சாய்சதுரம்தான், செவ்வகமும்தான். ஆனால் சாய்சதுரம் எல்லாம் சதுரம் ஆகாது.

தாத்தா சொன்ன முறை இந்தக் குடும்பத்தில் யாருக்குச் சரியாக வரும்? செவ்வகத்துக்கும் சதுரத்துக்கும் மட்டும்தான். மற்ற யாருக்குப் போட்டாலும் உண்மையான பரப்பைவிட அதிகமாகத்தான் வரும். ஒருநாளும் குறைவாக வராது.

ஏன் கூடுதலாகவே வருகிறது?

சுவரில் சாய்த்த ஏணியை நினையுங்கள். ஏணி 15 அடி என்றால் அது தொடுகிற உயரம் 15 அடியா? இல்லை, குறைவு. செங்கோண முக்கோணத்தில் கர்ணம்தான் பெரிய பக்கம். சரிவகத்தின் பரப்புக்கு இணைப்பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்குவது சரி. ஆனால் அதைப் பெருக்க வேண்டியது இரண்டு பக்கத்துக்கும் நடுவில் உள்ள செங்குத்துத் தூரத்தால். தாத்தா பெருக்கியதோ சாய்ந்த வரப்பின் நீளத்தால், அதாவது ஏணியின் நீளத்தால்!

இணைப்பக்கமே இல்லாத வயலுக்கும் காரணம் உண்டு. இரண்டு பக்கம் தெரிந்த முக்கோணம் எப்போது அதிகப் பரப்போடு இருக்கும்? நடுவில் செங்கோணம் இருக்கும்போதுதான். எங்கள் வயலை ஒரு மூலைவிட்டத்தால் வெட்டினால் இரண்டு முக்கோணம். ஒன்றில் 160-ம் 150-ம் பக்கங்கள், அதிகபட்சம் 12,000 சதுர அடி. இன்னொன்றில் 120-ம் 130-ம், அதிகபட்சம் 7,800. மொத்தம் 19,800. மற்ற மூலைவிட்டத்தால் வெட்டினால் 150-ம் 120-ம் சேர்ந்து 9,000. 130-ம் 160-ம் சேர்ந்து 10,400. மொத்தம் 19,400. இரண்டுக்கும் சராசரி எடுங்கள். 19,600! தாத்தாவின் விடை அப்படியே வருகிறது. அதாவது அந்த முறை நாலு மூலையும் செங்கோணம் என்று நினைத்துக்கொண்டு போடுகிற கணக்கு. வயல் சாயச் சாய, கணக்கு நிலத்தைவிட்டு விலகிக்கொண்டே போகும்.

நம் ஊர்ப் பக்கம் வயல் ஏன் கோணலாக இருக்கிறது என்றும் கேட்கலாம். தாமிரபரணியில் கோடைமேலழகியானிலிருந்து ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டு இருக்கிறது. அங்கிருந்து பிரிகிற கால்கள் நிலத்தின் மட்டத்தைப் பார்த்து வளைந்து வளைந்துதான் போகும். நெல்வயலில் தண்ணீர் ஒரே மட்டமாக நிற்க வேண்டும். அதனால் வரப்பும் மேடு பள்ளத்தைப் பார்த்துத்தான் போடப்பட்டிருக்கு. ஆகவே கோணல் வயல் தப்பான வயல் இல்லை. அதை அளக்கிற முறைதான் தப்பு.

நாங்கள் அளந்தோம்

பள்ளியில் நீளம் தாண்டுதலுக்கு வைத்திருக்கிற டேப்பை டீச்சர் அனுமதியோடு வாங்கிக்கொண்டு நானும் இரண்டு தோழிகளும் போனோம். அறுப்பு முடிந்து தாள் மட்டும் நின்றது.

முதலில் செங்கோணம் பிடிக்க ஒரு கயிறு தயார் செய்தோம். கயிற்றில் 12 சம பாகம் வருகிற மாதிரி முடிச்சுப் போட்டு முனைகளைச் சேர்த்துக் கட்டினோம். 3, 4, 5 பாகமாக மூன்று பேர் இழுத்துப் பிடித்தால் 3-க்கும் 4-க்கும் நடுவில் செங்கோணம் வந்துவிடும். பிதாகரஸ் தேற்றம்தான்.

அந்தக் கயிற்றை வைத்து வடமேற்கு மூலையிலிருந்து தென்வரப்புக்குச் செங்குத்தாக அளந்தோம். 120 அடி. தென்கிழக்கு மூலையிலிருந்து வடவரப்புக்கு அளந்தோம். அதுவும் 120 அடி. இரண்டு இடத்திலும் ஒரே தூரம் என்றால் வடவரப்பும் தென்வரப்பும் இணை. வயல் சரிவகம்தான்! பரப்பு 140-ஐ 120-ஆல் பெருக்கினால் 16,800 சதுர அடி. அதாவது 38½ சென்ட் கொஞ்சம் கூட.

நம்பிக்கை வரவில்லை. இன்னொரு வழியிலும் பார்த்தோம். தென்கிழக்கு மூலையிலிருந்து வடமேற்கு மூலைக்கு மூலைவிட்டம் 139 அடி. அந்தக் கோட்டுக்கு மற்ற இரண்டு மூலையிலிருந்தும் செங்குத்து அளந்தால் 138 அடியும் 104 அடியும். கூட்டினால் 242. அதை 139-ஆல் பெருக்கிப் பாதியாக்கினால் 16,819 சதுர அடி. முன்னே வந்ததற்கும் இதற்கும் 19 சதுர அடிதான் வித்தியாசம்.

இந்த இரண்டாவது வழிதான் எல்லா நாற்கரத்துக்கும் பொது. சர்வே துறையின் புலப்படத்தைப் பார்த்தால், வயலுக்குக் குறுக்கே கோடுகள் போட்டு முக்கோணமாகப் பிரித்து, வளைவுகளுக்குச் செங்குத்து அளவு எழுதியிருப்பார்கள். 1802-இல் லாம்டன் என்ற ஆங்கிலேயர் சென்னை பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு அளந்து இந்தியாவையே அளக்க ஆரம்பித்தபோதும் முக்கோணம் முக்கோணமாகத்தான் அளந்துகொண்டு போனார்கள்.

சராசரி வைத்துப் பெருக்கும் முறை தாத்தாவுக்கும் ரொம்ப முந்தியது. எகிப்தில் எட்ஃபு என்ற ஊர்க் கோயில் கல்வெட்டில் கோயில் நிலங்களுக்கு இப்படித்தான் பரப்பு போட்டிருக்கிறார்கள். கி.பி. 628-இல் பிரம்மகுப்தரும் இந்த முறையைச் சொன்னார், ஆனால் இது தோராயம் என்று சொல்லிவிட்டார். நாலு பக்கத்தை வைத்தே போடுகிற வேறொரு நுட்பமான சூத்திரத்தையும் கொடுத்தார். அது நாலு மூலையும் ஒரே வட்டத்தில் இருக்கிற நாற்கரத்துக்கு மட்டும் பொருந்தும். அதில் எங்கள் வயலின் பக்கங்களைப் போட்டால் 19,349 சதுர அடி, அதாவது 44.4 சென்ட். இந்த நாலு பக்கத்தை வைத்து எப்படிச் சாய்த்தாலும் அதற்கு மேல் போகவே போகாது. அப்படியானால் பாருங்கள், இந்த வரப்புகளோடு 45 சென்ட் வயல் உலகத்தில் எங்கேயுமே இருக்க முடியாது!

1150-இல் லீலாவதி எழுதிய பாஸ்கரர் இன்னும் கோபக்காரர். மூலைவிட்டமோ செங்குத்தோ சொல்லாமல் நாலு பக்கத்தை மட்டும் சொல்லிப் பரப்பு கேட்கிறவன் பிசாசு, அதற்குப் பதில் சொல்கிறவனும் பிசாசு என்கிற மாதிரி எழுதியிருக்கிறார். இதைத் தாத்தாவிடம் சொன்னேன். "நான் என்ன பிசாசாளா?" என்று சிரித்தார்கள்.

பிறகு என்ன ஆச்சு?

45-க்கும் 38½-க்கும் வித்தியாசம் 6½ சென்ட். பூவுக்கு 39 கிலோ நெல். வருசத்துக்கு 78 கிலோ. 75 கிலோ மூட்டையில் ஒரு மூட்டைக்கு மேல்! இல்லாத வயலுக்கு ஒன்பது வருசமாக அளந்திருக்கிறோம்.

அப்பா முதலில் பேசத் தயங்கினார்கள். "பாட்டத்துக்கு இருக்கவன் போயி அளவு தப்புன்னு சொன்னா, வயலை விட்டுருன்னு சொல்லிட்டாவன்னா என்ன செய்ய?" என்றார்கள். அதற்கு என்னிடம் சூத்திரம் இல்லை. இரண்டு நாள் வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

மூன்றாம் நாள் நிலத்துக்காரரே களத்துக்கு வந்தார்கள். அப்பா தயங்கித் தயங்கிச் சொன்னார்கள். "நாங்களும் அளந்துதானய்யா சொன்னோம்" என்றார்கள் அவர்கள். நான் வீட்டுக்கு ஓடிப்போய் ஈர்க்குச்சிச் சட்டத்தை எடுத்து வந்து கையில் கொடுத்தேன். அவர்கள் அதைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார்கள். சதுரமாக்கினார்கள், சாய்த்தார்கள், மறுபடியும் நிமிர்த்தினார்கள். ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "பட்டாவுல என்ன இருக்குன்னு பாத்துருவோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

பட்டாவில் 15.50 ஏர் என்று இருந்தது. ஒரு ஏர் சுமார் 2.47 சென்ட். பெருக்கினால் 38 சென்ட் சொச்சம். வருகிற பிசானத்திலிருந்து 39 சென்ட்டுக்கு அளந்தால் போதும் என்று சொல்லிவிட்டார்கள். போன வருசங்களின் நெல்லைப் பற்றி அவர்களும் பேசவில்லை, அப்பாவும் கேட்கவில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுதுகிறேன். எங்கள் வயலில் நடுகிற பெண்களுக்கும் 45 சென்ட் என்றுதான் கூலி கணக்கு. அம்மாவும் அந்தச் செட்டில் உண்டு. "அப்ப எங்க கூலியும் குறையுமாட்டி?" என்று அம்மா கேட்டபோது எனக்கு வாய் அடைத்துவிட்டது. அளவு எல்லாருக்கும் ஒன்றுதானே! கடைசியில் அப்பா, "சென்ட் கணக்கு வேண்டாம். போன தடவை கொடுத்ததை அப்படியே மொத்தமாக் கொடுப்போம்" என்று முடித்தார்கள். அளவு தப்பாக இருந்தால் யாராவது ஒருவர் தெரியாமல் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். அளவு சரியாகிவிட்டால் கொடுப்பதைத் தெரிந்தே கொடுக்கலாம்.

நண்பர்களே, உங்கள் வீட்டிலும் வயல் இருக்கும், மனை இருக்கும். நாலு பக்கத்தை மட்டும் சொல்லி யாராவது சென்ட் கணக்குச் சொன்னால், "மூலைவிட்டம் எவ்வளவு?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

செய்து பாருங்கள்

1. எப்படிப்பட்ட கோணல் நாற்கரமாக இருந்தாலும் சரி, நாலு பக்கங்களின் நடுப்புள்ளிகளையும் வரிசையாகச் சேருங்கள். உள்ளே என்ன உருவம் வருகிறது? வேறு நாற்கரத்திலும் அதே உருவம் வருகிறதா?

2. ஒரு வயல் சரிவகம் என்று உறுதியாகத் தெரியும். இணையான வரப்புகள் 120 அடி, 160 அடி. சாய்ந்த வரப்புகள் 130 அடி, 150 அடி. இப்போது செங்குத்தை அளக்காமலே அதைக் கண்டுபிடிக்கலாம்! 'இணை' என்ற செய்திதான் இங்கே ஐந்தாவது அளவு. குறிப்பு: 160-இல் 120-ஐக் கழியுங்கள். 40, 130, 150 பக்கமுள்ள முக்கோணத்துக்கு ஹெரான் சூத்திரம் போடுங்கள்.

விடைகள் அடுத்த இதழில்.

— ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி